சுருக்கி எழுதினால் சுருக்கென்று குத்தும்

(நம் சங்கத்தின் திருப்பதிக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"இங்கிலீஷைப் பற்றிப் பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் கடிதம் எழுதியும், பிறர் எழுதியதைத் திருத்தியும் காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகு நம் கிளையின் சர்க்குலர்களை எழுதும் கைங்கர்யம் என் தலையில் விழுந்தது. அந்த அனுபவத்தில் ஆங்கிலச் சுருக்கங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்கிறேன். இதில் என் தப்பு ஒன்றும் வருகிறது. அதைக் கடைசிக்கு முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் நம் ஊர். "டி.டி.டி. தேவஸ்தானத்தில் விசாரித்தேன்" என்று நம்மில் பலர் எழுதுகிறோம். திருமலா திருப்பதி தேவஸ்தானம்ஸ் என்பதுதான் டி.டி.டி. மூன்றாவது எழுத்திலேயே தேவஸ்தானம் உட்கார்ந்திருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடும் அப்படித்தான். 'பின்' என்றாலே போஸ்டல் இண்டெக்ஸ் நம்பர். அதற்கு மேல் "பின் நம்பர் 517501" என்றால் நம்பர் இரண்டு தடவை வருகிறது. பான் நம்பர், ஏ.டி.எம். மெஷின் எல்லாம் இதே ஜாதகம். இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. அழைப்பிதழின் அடியில் "ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி." என்று போடுகிறோம். அந்த நான்கு எழுத்தும் 'தயவுசெய்து பதில் தரவும்' என்னும் பிரெஞ்சு வாக்கியத்தின் முதலெழுத்துகள். தயவு அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு தயவு அதிகப்படி.

அதே பத்திரிகையில் மணப்பெண்ணின் பெயருக்கு முன்னால் என்ன போடுகிறோம்? தமிழில் 'சௌ.' என்பதும், இங்கே தெலுங்குக்காரர்கள் 'சி.ல.சௌ.' என்பதும் அழகான ஆசீர்வாதம். சிரஞ்சீவி லக்ஷ்மி சௌபாக்கியவதி என்பதன் சுருக்கம். அதையே ஆங்கிலப் பத்திரிகையில் எஸ், ஓ, டபிள்யூ என்று அச்சிட்டுப் புள்ளி வைக்கிறோம். அந்த மூன்று எழுத்தும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை ஆகிவிடுகிறது. அதற்குப் பெண் பன்றி என்று அர்த்தம். வெளிநாட்டில் வளரும் என் பேத்தி பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, பாவம் அந்த அக்கா! எதுக்கு இப்படிப் போட்டிருக்கா?" என்று கேட்டாள். நான் விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. முழுசாகச் சௌபாக்கியவதி என்றே அச்சடித்தால் அச்சகத்தார் கூடுதலாக ஒன்றும் கேட்கப் போவதில்லை.

இனிஷியல் சமாசாரமும் இந்த ஊரில் வேடிக்கைதான். எங்கள் தெருவில் இரண்டு கே. வெங்கடேஸ்வரன்கள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவருக்குக் 'கே.' என்றால் தகப்பனார் கிருஷ்ணமூர்த்தி. அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரருக்குக் 'கே.' என்றால் இண்டிபேரு, அதாவது வம்சத்தின் பெயர். எழுத்து ஒன்றுதான், அர்த்தம் வேறு. பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது அந்த ஒற்றை எழுத்தை விரித்தே ஆகவேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி என்று இருப்பவர்கள் அப்போது படும் பாட்டை இங்கே பலர் அறிவீர்கள்.

சுருக்கங்கள் மட்டுமில்லை, சில பிரயோகங்களையும் கேலி செய்கிறார்கள். 'கசின் பிரதர்' என்றால் சிரிக்கிறார்கள். அம்மாஞ்சி, அத்தான், அம்மங்கா, அத்தங்கா என்று தனித்தனியாக வைத்திருக்கும் நமக்கு, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாத 'கசின்' எப்படிப் போதும்? 'ப்ரீபோன்' என்ற நம் ஊர்ச் சரக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. 'டு தி நீட்ஃபுல்' வெள்ளைக்காரன் ஆபீசில் விட்டுப்போன சொத்து. இவற்றுக்காக நாம் கூசவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். எழுதியவர் நினைத்தது வாசித்தவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது அல்லவா?

சிரிப்பு வரும் தப்பு ஒன்றும் செய்யாது. யாருக்கும் சிரிப்பே வராமல், தப்பு என்றே தெரியாமல் நழுவிப்போவதுதான் ஆபத்து. இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் ஐ.ஈ., ஈ.ஜி. என்று இரண்டு சுருக்கங்கள். இரண்டும் லத்தீன். முதலாவதற்கு 'அதாவது' என்று பொருள். இரண்டாவதற்கு 'உதாரணமாக' என்று பொருள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது நமக்குக் கைவந்த கலை. சில வருஷங்களுக்கு முன் நம் கூட்டம் இங்கே நடந்தபோது வெளியூர் உறுப்பினர்களுக்குத் தங்க ஏற்பாடு செய்தோம். அறை எடுக்க அரசாங்க அடையாள அட்டை ஏதாவது ஒன்று, படத்துடன் இருந்தால் போதும் என்று விடுதியில் சொன்னார்கள். நான் சர்க்குலரில், "அரசாங்க அடையாள அட்டை, ஐ.ஈ., ஆதார் கொண்டுவரவும்" என்று எழுதினேன். ஈ.ஜி. என்று எழுதியிருக்க வேண்டும். நாலு பேர் படித்துப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வருவதாகப் பெயர் கொடுத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் வரவில்லை. கூட்டம் முடிந்து போன் செய்தேன். "ஆதார் வேணும்னு எழுதியிருந்தேளே! என்னோடது எங்கேயோ போயிடுத்து. பாஸ்போர்ட்தான் கையில இருந்தது. அங்கே வந்து உங்களுக்குச் சிரமம் கொடுப்பானேன்னு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன். ரொம்ப நாளாச்சு, பெருமாளைச் சேவிச்சுட்டு வரலாம்னு இருந்தேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். பாஸ்போர்ட்டே போதும் என்று நான் சொன்னபோது இரண்டு பேருமே சற்று நேரம் பேசவில்லை. அடுத்த வருஷம் அவர் பிரயாணம் செய்யும் நிலையில் இல்லை.

ஆங்கிலம் தெரியாமல் நடந்ததில்லை இது. அவர் சரியாகத்தான் படித்தார். நான்தான் தப்பாக எழுதினேன். 'உதாரணமாக' என்பதை ஆங்கிலத்திலேயே முழுசாக எழுதியிருந்தால் எனக்கு இரண்டு விநாடி கூடியிருக்கும். அவருக்கு ஒரு தரிசனம் கிடைத்திருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் மருந்துச் சீட்டு. நம்மில் பாதிப்பேர் வீட்டில் மாத்திரை டப்பா இருக்கிறது. டி.டி.எஸ். என்று எழுதியிருந்ததைப் பார்த்து என் அகமுடையாள், "மாத்திரையிலேயும் வருமான வரி பிடிக்கறாளா?" என்றாள். மருந்தில் டி.டி.எஸ். என்றால் தினம் மூன்று வேளை. எஸ்.ஓ.எஸ். என்றால் அபாய அறிவிப்பு இல்லை, தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். ஓ.டி. என்றால் பொதுவாகத் தினம் ஒரு வேளை. அதே ஓ.டி. கண் வைத்தியத்தில் வலது கண்! இன்சுலின் அளவில் யூனிட் என்பதற்குப் பதில் 'யூ' என்ற ஒற்றை எழுத்தை எழுதும்போது அதன் வாய் மூடிவிட்டால் சைபர் ஆகிவிடுகிறது. நாலு யூனிட் நாற்பதாகப் படிக்கப்படும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், எழுதக்கூடாத சுருக்கங்கள் என்று 2004-இல் பட்டியலே போட்டது. இந்த 'யூ' அதில் இருக்கிறது. நம் நாட்டிலும் 2016-இல் மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் விதி திருத்தப்பட்டது.

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகையால் கூச்சப்படாமல் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேளுங்கள். எத்தனை, எப்போது, எந்தக் கிழமை என்று தமிழிலோ தெலுங்கிலோ அட்டைமேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் இப்போது கடைப்பிடிப்பது மூன்றே விஷயம். எழுதியதைப் பெறுபவருக்குச் சுருக்கம் புரியுமா என்று ஒரு சந்தேகம் இருந்தாலும் விரித்து எழுதுகிறேன். தேதியில் மாதத்தை எழுத்தில் போடுகிறேன். 3-4 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு மார்ச் 4. மூன்றாவதாக, சர்க்குலரை அனுப்புமுன் அகமுடையாளிடம் கொடுத்து, "இதைப் படிச்சா என்ன கொண்டு வருவே?" என்று கேட்கிறேன். அவள் சொல்லும் பதில் நான் நினைத்ததாக இருந்தால்தான் தபாலில் சேர்க்கிறேன்.

சர்க்குலர் முன்பைவிட நாலு வரி நீண்டுவிட்டது என்று பொருளாளர் குறைப்பட்டுக்கொள்கிறார். அந்த நாலு வரிக்கு ஆகும் காகிதச் செலவை நானே கொடுத்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.