வீட்டில் கற்பித்தல்: சட்டமும் நம் நிலையும்
(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் நம் சாதனைகளை எடுத்துரைக்குமாறு பணித்தார்கள். அப்பணியை மற்றவர்கள் சிறப்பாகச் செய்திருக்கிறார்கள். நான் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அந்தச் சகோதரி நம் வளவைச் சேர்ந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர். கணவர் விசைத்தறித் தொழிலாளி. அவருடைய மகள் ஏழாம் வகுப்பில் படித்து வந்தாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்க, கழிப்பறையைக் கழுவ நம் பிள்ளைகளையே வாரந்தோறும் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஒரு நாள் அக்குழந்தை புத்தகப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டது. தாய் என்னிடம் வந்து இரண்டு கேள்விகள் கேட்டார்: “அண்ணா, என் பிள்ளையை நிறுத்தி வீட்டிலேயே நான் சொல்லிக் கொடுத்தால் சட்டம் ஒப்புக்கொள்ளுமா? சொல்லிக் கொடுக்க எனக்குத் தகுதி உண்டா?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையறிந்து வைத்திருப்பது நம் இளைஞர்களின் கடமை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2002-ஆம் ஆண்டின் எண்பத்தாறாவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்றும் சேர்த்தது. அங்கே “கல்வி வாய்ப்பு” என்ற சொல்தான் இருக்கிறது. ஆனால் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று தெளிவாகக் கூறுகிறது. அதை மீறும் பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை ஏதும் சொல்லப்படவில்லை. வீட்டில் கற்கும் உரிமையை அச்சட்டம் வெளிப்படையாக வழங்குவது ஒரே பிரிவினருக்குத்தான்: கடுமையான ஊனமோ பலவகை ஊனமோ உள்ள குழந்தைகளுக்கு, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக.

அடுத்து தகுதி. பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை கற்பிப்பவருக்கு மேல்நிலைப் படிப்பும் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயமும் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை கற்பிப்பவருக்குப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும். 2010 ஆகஸ்ட் முதல், இவற்றோடு ஆசிரியர் தகுதித் தேர்வும் சேர்ந்தது. இவையெல்லாம் பள்ளி ஆசிரியருக்கு விதிக்கப்பட்டவை. தன் பிள்ளைக்குத் தானே கற்பிக்கும் தாய்க்கு இச்சட்டம் எந்தத் தகுதியும் விதிக்கவில்லை. நம் மாநிலம் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்களையும், ஆறு முதல் எட்டு வரை பட்டதாரிகளையும் தன்னார்வலர்களாக ஏற்றார்கள். அந்த அளவுகோலின்படி, அச்சகோதரி தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கற்பிக்கத் தகுதி பெற்றவர்.

அப்படியானால் மகளை நிறுத்திவிடலாமா? நான் “வேண்டாம்” என்றேன். அதற்கான காரணங்களை உங்களிடமும் சொல்கிறேன்.

வசதியுள்ள குடும்பம் வீட்டில் கற்பிக்கும்போது, பள்ளி தருவதைவிட மிகுதியாகத் தர முடியும் என்ற நம்பிக்கையில் செய்கிறது. நம் பிள்ளை பள்ளியை விட்டால் எதையெதை இழக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். மதிய உணவு போகும். விலையில்லாப் பாடநூல் போகும். கல்வி உதவித்தொகை போகும். அதற்கும் மேலாக, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கே 2020-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு ஒதுக்குகிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் தொடர்ந்து படித்ததையே கேட்கிறது. ஏழாம் வகுப்பில் வீட்டுக்குத் திரும்பும் பெண், பதினேழு வயதில் நுழைய வேண்டிய கதவுகளை அன்றே சாத்திக்கொள்கிறாள்.

இன்னொன்று நம் வரலாறு. நம் பிள்ளைகளை வீட்டில் கற்கச் சொன்னது இது முதல் தடவை அன்று. சேலத்தில் வழக்கறிஞராக வாழ்ந்து, 1917-இல் அந்நகராட்சியின் தலைவராகப் பொறுப்பேற்ற இராஜாஜி அவர்கள், 1953-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தபோது புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கிராமப் பள்ளியில் ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாகும். மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கும். 1939-இல் ஆலய நுழைவுச் சட்டம் இயற்றியவரும் அவரே என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் தோல் தைத்தவர் வீட்டிலும் தெருக் கூட்டியவர் வீட்டிலும் பிள்ளை அந்த மீதி நேரத்தில் எதைக் கற்றிருக்கும்? பெரியாரும் பிறரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. பள்ளியின் முழு நாளும் நமக்குப் போராடிக் கிடைத்தது என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

ஏழாம் வகுப்புப் பெண்ணின் கையில் துடைப்பத்தைக் கொடுத்த பள்ளியும் அதே பாடத்தைத்தான் நடத்தியது. அவள் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் அந்தப் பாடம் வெற்றி பெற்றிருக்கும்.

ஆகவே நாங்கள் வேறு வழியில் சென்றோம். கல்வி உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவு, நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் பாகுபடுத்தப்படாமல் காப்பதை அரசின் கடமையாக்குகிறது. பதினேழாவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பட்டியல் இனத்தவரிடம் கட்டாய வேலை வாங்குவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். முப்பத்திரண்டாவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்து மூலம் முறையிட்டால் மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். அதில் மனநிறைவு இல்லையேல் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நான்கு தாய்மார்கள் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள். எழுத்தைக் கண்டதும் அந்த வேலை நின்றது. முகச்சுளிப்பும் அன்றே நின்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண் மறு வாரம் பையை எடுத்துக்கொண்டு போனாள், இன்றும் போய்க்கொண்டிருக்கிறாள்.

இதனால், பள்ளியை விட்டுவிட்ட பிள்ளைகளைக் கைவிட வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் போய்த் திரும்பும் பிள்ளைகள் நம் சேலம், நாமக்கல் சமவெளியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்று நான்காவது பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, சேர்க்கைக் காலம் முடிந்தது என்றோ திருப்பி அனுப்பச் சட்டம் இடந்தரவில்லை. எவ்வகையிலும் பள்ளிக்குத் திரும்ப இயலாதவர்கள் பன்னிரண்டரை வயது நிறைந்தபின் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கு வயது நிறைந்தவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது. அது கடைசி வழி. முதல் வழியாக அதைக் காட்டாதீர்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அச்சகோதரியின் இரண்டாவது கேள்வியை நான் வீணாக்க விரும்பவில்லை. கற்பிக்கத் தனக்குத் தகுதி உண்டா என்று கேட்டாரே, அவர் இன்று மாலை ஆறு மணிக்குத் தம் வீட்டுத் திண்ணையில் பதினோரு பிள்ளைகளை அமர்த்திப் படிக்க வைக்கிறார். பகலில் பள்ளி, மாலையில் திண்ணை. நம் வளவுகளில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பெண்கள் இல்லாத தெரு இன்று அரிது. வெள்ளி விழா கண்ட இச்சங்கம் தெருவுக்கு ஒரு திண்ணையை ஏற்படுத்தட்டும். விளக்கும் பாயும் கரும்பலகையும் சங்கம் தரட்டும். ஆசிரியர்களை நம் வீடுகள் தரும்.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து மீட்டுக்கொண்டு வருவதற்குப் பதிலாக, பள்ளியை நம் பிள்ளைக்காக மீட்போம்.