ஆறப்பொறுக்கும் பத்து நாள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் பாடநூல்களில் இல்லாதது. வேண்டாத விடுமுறை விடுதித் திட்டம் ஒன்றில் கையொப்பம் இட்டுவிட்ட குடும்பம் அதிலிருந்து எவ்வாறு வெளியேறலாம் என்பதே அது. ‘இது பெரியவர்கள் பாடு, எங்களுக்கு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். கடைத்தெருவிலும் பொருட்காட்சியிலும், ‘பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிப் பெட்டியில் போடுங்கள், குலுக்கலில் பரிசு உண்டு’ என்று நீட்டப்படும் சீட்டை ஆவலோடு எழுதிப் போடுவோர் பெரும்பாலும் நீங்களே அன்றோ? கதை அந்தச் சீட்டில்தான் தொடங்குகிறது. மேலும், பொடி எழுத்தில் அச்சிட்ட ஆங்கில ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் வீட்டில் யாரென்று பார்த்தால், பல குடும்பங்களில் அவரும் கல்லூரியில் பயிலும் மகனோ மகளோதான்.

இத்திட்டத்தை டைம்ஷேர் என்பர். காலப்பங்கு என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய நாடுகளில் 1960களில் இது தோன்றியது. மலைவாழ் விடுதி ஒன்றில் ஒருவர் ஆண்டு முழுதும் தங்கப்போவதில்லை. ஆண்டிற்கோ 52 வாரங்கள். ஆதலின் ஆளுக்கு ஒரு வாரமாகப் பலர் பங்கிட்டுக்கொண்டால் என்ன என்பது மூல எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. 1980களில் இது நம் நாட்டிற்கும் வந்தது. கொடைக்கானல் போன்ற மலையூர்கள் இதற்கு வாய்ப்பான இடங்களாயின. ஆண்டுதோறும் மகிழ்ச்சியோடு போய்வரும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களைப் பற்றி எனக்கு வழக்கில்லை. வேண்டும் என்று வாங்கியவர் வேறு. வாங்க வைக்கப்பட்டவர் வேறு.

நம் நாட்டில் இவ்வாறு வாங்கப்படுவது பெரும்பாலும் நிலமும் அன்று, கட்டடமும் அன்று. இத்தனை ஆண்டுகளுக்கு, ஆண்டிற்கு இத்தனை நாள் தங்கலாம் என்னும் உரிமை மட்டுமே. முன்னதாக ஒரு பெருந்தொகை செலுத்த வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். நீங்கள் போனாலும் செலுத்த வேண்டும், போகாவிட்டாலும் செலுத்த வேண்டும். அறையும் அப்போது காலியாக இருந்தால்தான் கிடைக்கும். மே மாதத்தில் உதகையில் அறை வேண்டும் என்று விரும்புபவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர்.

நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்தியவன் ஆதலால், கரும்பலகை இல்லாவிடினும் ஒரு கணக்குப் போடாமல் என்னால் மேலே செல்ல முடியாது. எண்கள் எளிமை கருதி நானே வைத்துக்கொண்டவை. ஒருவர் 4,00,000 ரூபாய் செலுத்தி, 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 7 இரவு தங்கும் உரிமை பெறுகிறார்; ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாய். மொத்தம் 175 இரவுகள். விற்பனையாளர் நான்கு இலட்சத்தை 175ஆல் வகுத்து, ‘இரவிற்கு 2,286 ரூபாய்தான்!’ என்று காட்டுவார். வகுத்தல் சரி, ஆனால் வினாவைப் பாதியில் விட்டுவிட்டார். ஆண்டுக் கட்டணத்தை ஏழால் வகுத்தால் இரவிற்கு இன்னும் 2,571 ரூபாய், ஆக 4,857. அதுவும் முடிவன்று. அந்த நான்கு இலட்சத்தை 7 விழுக்காட்டு வட்டிக்கு வைப்பில் இட்டிருந்தால் ஆண்டிற்கு 28,000 ரூபாய் வரும். செலுத்தத் தேவையில்லாது போன 18,000 ரூபாயையும் அதனோடு கூட்டுங்கள். முதலைத் தொடாமலேயே ஆண்டிற்கு 46,000 ரூபாயை, அதாவது இரவிற்கு 6,571 ரூபாயை, விரும்பிய ஊரில் விரும்பிய விடுதியில் செலவிடலாம். ‘விடுதி வாடகை ஆண்டிற்கு ஆண்டு ஏறுமே’ என்பார் விற்பனையாளர். உண்மைதான்; பராமரிப்புக் கட்டணமும் ஏறும். ஆண்டிற்கு 7 விழுக்காடு ஏறினால் பத்தாண்டில் அது ஏறத்தாழ இரு மடங்கு. வாடகை ஏறினால் இவ்வாண்டு போக வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடலாம். கட்டணம் ஏறினால் கட்டாமல் இருந்துவிட முடியாது.

இவ்வளவு எளிய கணக்கைப் படித்தவர்கள் ஏன் போடவில்லை என்று வியப்பீர்கள். போடுவதற்கு விடுவதில்லை என்பதே விடை. ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் வந்து பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று அழைப்பு வரும். இருவரும் வரவேண்டும் என்பதைக் கவனியுங்கள். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று எழுந்துவரும் வழி அங்கேயே அடைக்கப்பட்டுவிடுகிறது. குளிரூட்டிய கூடத்தில் சிற்றுண்டி, படக்காட்சி, இனிய பேச்சு. ஒருவர் சலித்தால் மேலதிகாரி என்று மற்றொருவர் வருவார். பக்கத்து மேசையில் யாரோ சேர்ந்துவிட்டார் என்று கைதட்டல் எழும். இரண்டு மூன்று மணி நேரம் கழிந்தபின், ‘இந்த விலை இன்று ஒருநாள் மட்டும்; இக்கூடத்தை விட்டு வெளியேறினால் இல்லை’ என்பார்கள். நாளைக்கும் நியாயமாக நிற்கக்கூடிய விலையை இன்று மட்டும் என்று ஏன் சொல்ல வேண்டும்?

இனி, கையொப்பம் இட்டாயிற்று. என்ன செய்வது?

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது, பழையதாயினும் கூர்மையானது. இருவரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்பதே உடன்பாடு என்கிறது அதன் 13ஆம் பிரிவு. அவ்வுடன்பாடும் தன்னுரிமையோடு தரப்பட்டதாக இருத்தல் வேண்டும். வஞ்சனையாலோ பொய்யுரையாலோ பெற்ற உடன்பாட்டின்மேல் எழுந்த ஒப்பந்தத்தை, ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் தள்ளிவிடலாம் என்பது 19ஆம் பிரிவு. உங்களில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு ஒரு செய்தி: நீங்கள் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. வயது நிரம்பாத ஒருவர் கல்கத்தாவில் தம் சொத்தை அடமானம் வைத்த வழக்கில், 1903ஆம் ஆண்டு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் அவ்வாறு தீர்ப்பளித்தது. சட்டம் பயிலப்போகிறவர்கள் மோகரி பீபி வழக்கு என்னும் பெயரை முதலாண்டிலேயே கேட்பீர்கள்.

ஆனால் அதே 19ஆம் பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையை அறிந்திருக்கலாம் என்ற நிலையில், வெறும் பொய்யுரையைக் காட்டி ஒப்பந்தத்தைத் தள்ளிவிட இயலாது. ‘வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் நிறுவனம் பொறுப்பன்று’ என்னும் ஒரு வரி ஒப்பந்தத்தில் எங்கேனும் இருக்கும்; அதன் கீழே உங்கள் தந்தையின் கையொப்பமும் இருக்கும். ஆதலால் யார் என்ன சொன்னார் என்னும் வழக்கிற்குள் நுழையுமுன், காரணமே சொல்லாமல் வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

‘ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கக் கூடாதா’ என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு. காலப்பங்கு ஒப்பந்தங்களில் அவ்வாறு ஆறப்பொறுக்கும் காலம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கூலிங் ஆஃப் காலம் என்பது அவர்கள் வழங்கும் பெயர். ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 1994ஆம் ஆண்டு நெறிமுறையில் 10 நாள் என்றிருந்ததை, 2009இல் ஏற்ற புதிய நெறிமுறையில் 14 நாளாக உயர்த்தினார்கள். அந்நாட்கள் கழியும்வரை வாங்குபவரிடமிருந்து முன்பணம் பெறுவதும் கூடாது என்று தடுத்தார்கள். நம் நாட்டில் காலப்பங்கிற்கெனத் தனிச் சட்டம் இல்லை. நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் தானே எழுதிக்கொடுத்தது எவ்வளவோ அவ்வளவே. பலவற்றில் அது பத்து நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது, யாருக்கு எழுதுவது என்பனவும் அங்கேயே இருக்கும்.

என்னிடம் முன்னாளில் பயின்ற ஒருவர் ஆலை ஒன்றில் கணக்கராக இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வாறே அழைக்கப்பட்டு, மகளின் மேற்படிப்பிற்கென வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியைச் செலுத்திவிட்டு வந்தார். நான்காம் நாள் மகளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வணிகவியல் இரண்டாமாண்டு பயிலும் அப்பெண்தான் ஒப்பந்தத்தை முழுதும் படித்திருந்தாள். பத்து நாட்களுக்குள், எழுத்து மூலமாக, தலைமை அலுவலகத்திற்கு என்ற வரிகளை அவள் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தாள். தந்தையோ, “விற்பனையாளரிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன் ஐயா, மிக மரியாதையாகப் பேசினார், அடுத்த வாரம் நேரில் வந்து முடித்துத் தருவதாகச் சொன்னார்” என்றார். அடுத்த வாரம் என்பது பதினொன்றாம் நாள். மகள் விரல்விட்டு எண்ணிக் காட்டியபோதுதான் அவர் முகம் மாறியது.

அன்று பிற்பகலே கடிதம் எழுதினோம். அவர் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கூடத்தில் தந்த காப்பி முதல் தம் மனைவியின் மனக்கவலை வரை அதில் எல்லாம் இருந்தன. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் இருந்தால் போதும் என்று நான் அடித்துக் குறைத்தேன். ‘இன்ன நாள் உங்களோடு செய்துகொண்ட இன்ன எண்ணுள்ள ஒப்பந்தத்தை அதன் இன்ன பிரிவின்படி இரத்து செய்கிறேன்; செலுத்திய இன்ன தொகையைத் திருப்பி அனுப்புக’ என்பதே கடிதம். கையொப்பமிட்டுப் படியெடுத்து வைத்துக்கொண்டு, மின்னஞ்சலிலும் அனுப்பி, அஞ்சலகத்தில் பதிவும் ஒப்புகையும் சேர்த்து விரைவு அஞ்சலிலும் அனுப்பினோம். (பதிவுத் தபால் என்று தனியாக இருந்ததை 2025 செப்டம்பரில் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள், என் போன்ற முதியவர்களுக்கு அது ஒரு சிறு துக்கம்.) பரிசாகத் தந்த இரண்டு நாள் தங்கும் சீட்டைத் தொட வேண்டாம் என்றும் சொன்னேன். ஒப்பந்தத்தைத் தள்ளுபவர் அதனால் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டத்தின் 64ஆம் பிரிவு; தங்கிவிட்டு வந்தால் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த சில நாட்கள் தொலைபேசி ஓயவில்லை. ‘சிறிய திட்டமாக மாற்றித் தருகிறோம்’, ‘ஓராண்டுக் கட்டணம் வேண்டாம்’ என்றெல்லாம் பேசினார்கள். ‘கடிதத்திற்குக் கடிதமாக விடை அனுப்புங்கள்’ என்று மட்டும் அவர் சொன்னார். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. நிர்வாகச் செலவு என்று சிறு தொகையைக் கழித்திருந்தார்கள். நானாயிருந்தால் அதற்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பேன். அவர் போதும் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பத்து நாள் கடந்துவிட்டவர்களுக்கு வழி நீளமானது, ஆயினும் அடைபட்டதன்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனம் எந்த நகரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5,00,000 ரூபாய் வரை எனின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றி நேரிலும் வாதாடலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று சொல்ல விரும்பினால் மாநில ஆணையத்திற்குச் செல்ல வேண்டும். இழப்பிற்குப் பொருந்தாத பெருந்தண்டம் விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்றதென இச்சட்டம் பெயர் சொல்லியே குறிக்கிறது. அழைப்புச் சீட்டு, விற்பனையாளர் காகிதத்தில் கிறுக்கிக் காட்டிய கணக்கு, கைப்பேசிச் செய்திகள், கேட்டு மறுக்கப்பட்ட அறைகளின் நாட்கள் ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்கி வைத்திருப்பவரே அங்கு வலியவர்.

தவணையில் வாங்கியவர்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும். ஒப்பந்தம் ஒன்று என்று எண்ணியிருப்பார்கள். பணத்தை வங்கியோ நிதி நிறுவனமோ கடனாகத் தந்திருந்தால் ஒப்பந்தம் இரண்டு. ஆதலால் விடுதி நிறுவனத்திற்கு எழுதிய கடிதத்தின் படியை அன்றே கடன் தந்தவருக்கும் அனுப்ப வேண்டும். சினத்தில் கணக்கைக் காலியாக்கித் தவணையைத் திரும்பச் செய்வது நன்றன்று. கடன் வரலாறு கெடுவதோடு, பணமின்றி மின்வழித் தவணை திரும்புவது 2007ஆம் ஆண்டுப் பணம்செலுத்துகைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகவும் ஆகக்கூடும்.

இறுதியாக, முதலில் ஏமாற்றியவரினும் கொடியவர் ஒருவர் உண்டு. ‘உங்கள் உறுப்பினர் உரிமையை வாங்க ஆள் இருக்கிறார், நல்ல விலை கிடைக்கும், பதிவுச் செலவிற்கும் வரிக்கும் மட்டும் முதலில் இவ்வளவு அனுப்புங்கள்’ என்று அவர் தொலைபேசியில் அழைப்பார். உறுப்பினர் எண்ணையும் சொல்வார். அதனாலேயே பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையாகவே வாங்குபவர் இருந்தால், தரகைக் கிடைக்கும் விலையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பணம் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். அப்படி ஓர் அழைப்பு உங்கள் வீட்டிற்கு வந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் கேளுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியாகிவிட்டதெனின், இணையவழி மோசடிகளுக்குரிய 1930 என்னும் எண்ணை உடனே அழையுங்கள். நேரம் கடந்தால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.