சூடேறிய வன்தட்டு கற்பித்த பாடம்

(சங்க நூலகக் குழுவின் சார்பில் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். நூலகக் குழுவினராகிய நாங்கள் மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட இரயில்வே குமாஸ்தாக்கள். எங்கள் தகுதி ஒன்றே ஒன்று. இவ்விஷயத்தில் தவறு செய்தவர்கள் நாங்கள். அத்தவறு உங்கள் இல்லங்களிலும் நேராதிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வுரை.

நம் சங்க அறையிலுள்ள கம்ப்யூட்டரில் நான்கு ஆண்டு உழைப்பு அடங்கியிருந்தது. பழைய மலர்களின் பக்கங்கள், விழாப் புகைப்படங்கள், உறுப்பினர் பதிவேடு ஆகியவற்றோடு, நம் காலனிப் பெரியோர்கள் தாங்கள் இந்த நாகபுரிக்கு வந்து சேர்ந்த கதையைத் தம் குரலிலேயே கூறிய 17 ஒலிப்பதிவுகளும் இருந்தன. இத்தனைக்கும் வேறு பிரதி கிடையாது. பிரதி எடுத்து வைப்பது எங்கள் பொறுப்பு. “அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஞாயிறுகளைக் கழித்தோம்.

2024 மே மாதம் வந்தது. இவ்வூர் மே மாத வெயிலை உங்களுக்கு நாங்கள் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 45 டிகிரியைத் தொடும் பகலில், ஜன்னல் மூடிய அறையில், கம்ப்யூட்டர் தடுமாறத் தொடங்கிற்று. ஒரு படத்தைத் திறக்கவே நெடுநேரம் ஆயிற்று. இடையிடையே “டிக், டிக்” என்னும் ஓசை கேட்டது. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது.

நாங்கள் முதலில் செய்தது, கூலரை அதன்பக்கம் திருப்பி வைத்தது. அது பிழை. கூலரின் காற்று ஈரக்காற்று. உள்ளே படிந்த தூசியில் அவ்வீரம் பட்டால் அது அப்பிக்கொள்ளும், மின்பாகங்களுக்கும் ஆகாது. தட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுக்கலாம் என்றார் ஓர் அன்பர். நல்லவேளையாக அதைச் செய்யவில்லை. குளிர்ந்த பொருளை வெப்பக்காற்றில் எடுத்தால் வியர்த்துவிடும் என்பதை நம் வீட்டுத் தண்ணீர்ப் போத்தலே காட்டும்.

வன்தட்டு என்பது யாது? காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் வல்ல நுண்முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் பருமனோ ஏறத்தாழ 70,000 நானோமீட்டர்! 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அது தாங்கியது 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கைக்குள் அடங்கும் பெட்டி அதனினும் பல இலட்சம் மடங்கு தாங்குகிறது. எனினும் சுழலும் இயந்திரம் இயந்திரமே. அது தேயும், சூடேறும். வீட்டு உபயோக வன்தட்டுகளுக்கு இயங்குநிலை வரம்பு பெரும்பாலும் 60 டிகிரி என்று தயாரிப்பாளர்கள் குறிப்பர். 45க்குள் இருப்பது நன்று.

எங்கள் தட்டு 58 காட்டிற்று. பெட்டியைத் திறந்து தூசி துடைத்தோம். நின்றுபோன விசிறியை மாற்றினோம். சுவரோடு ஒட்டியிருந்ததை நகர்த்தி வைத்தோம். இரண்டு மாலைகள் ஆயின. வெப்பம் 44க்கு இறங்கிற்று. வென்றுவிட்டதாக மகிழ்ந்தோம். எட்டாம் நாள் தட்டு திறக்கவேயில்லை.

நம் இரயில்வேயில் “ஹாட் ஆக்ஸில்” என்பதை அறியாதார் இலர். அச்சு சூடேறிய வாகனைத் தொடரிலிருந்து கழற்றிப் பக்க லைனில் நிறுத்துவார்கள். வேண்டுமாயின் சரக்கை வேறு வாகனுக்கு மாற்றுவார்கள். தண்ணீர் தெளித்து மீண்டும் ஓட்டத் துணிவார் எவருமில்லை. நாள்தோறும் இதைக் காணும் நாங்கள், எங்கள் சரக்கை இறக்காமல் வாகனைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சூடு கேட்டின் காரணமாகவும் இருக்கலாம், அறிகுறியாகவும் இருக்கலாம். எதுவாயினும் முதற்பணி சரக்கை இறக்குவதே.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச நிரல் தட்டின் உடல்நிலையை வரிசைகளாகக் காட்டுகிறது. நாங்கள் வெப்ப வரிசையை மட்டும் பார்த்தோம். பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள், படிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகள் என்னும் இரு வரிசைகளில் எண்கள் ஏறிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. கூகிள் பொறியாளர்கள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். தட்டின் வெப்பத்திற்கும் பழுதிற்கும் உள்ள தொடர்பு எதிர்பார்த்த அளவு வலுவாக இல்லை என்று கண்டனர். ஆனால் சோதனையில் முதற்பிழை தோன்றிய தட்டு, 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு! எவ்வித எச்சரிக்கையும் தராமல் பழுதானவையும் பல. ஆகவே அறிகுறிக்குக் காத்திராமல் பிரதி எடுப்பதே அறிவுடைமை.

சீதாபல்டிக் கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவர் பெரும்பகுதியை மீட்டுத் தந்தார். மூன்று ஒலிப்பதிவுகள் மீளவில்லை. அவற்றுள் ஒன்று, 2023இல் மறைந்த நம் காலனிப் பாட்டியம்மாள் ஒருவருடையது. அவர்தம் மைந்தர் இச்சபையில் அமர்ந்திருக்கிறார். செய்தியைக் கூறியபோது, “போகட்டும், நீங்கள் வந்து கேட்டதில் அம்மாவுக்கு அன்று எவ்வளவு மகிழ்ச்சி!” என்றார். அவர் கடிந்துகொண்டிருந்தால் எங்கள் மனம் ஓரளவு ஆறியிருக்கும்.

இனி, புதியதைத் தேர்ந்தெடுக்கும் முறை. கம்ப்யூட்டரை இயக்குவதற்கு எஸ்.எஸ்.டி. ஏற்றது. அதில் சுழலும் பாகம் இல்லை, விரைவு மிகுதி. நம்முடையது போன்ற பழைய பெட்டிக்கு இரண்டரை அங்குல சாட்டா வகை பொருந்தும். ஆனால் அதில் எழுதி, அலமாரியில் பல ஆண்டு மின்சாரமின்றிப் பூட்டி வைத்தல் ஆகாது. அதில் தேங்கிய மின்னூட்டம் நாளடைவில் கசியும்; வெப்பத்தில் இன்னும் விரைந்து கசியும். நெடுநாட் சேமிப்புக்குச் சுழலும் வன்தட்டே சிக்கனம். 5,400 சுழற்சியுடையது பொதுவாகக் குறைந்த சூடுடையது. ஓடு வேய்ந்தாற்போல் தடங்களை ஒன்றன்மேலொன்று அடுக்கும் எஸ்.எம்.ஆர். வகை, அடிக்கடி திருத்தி எழுதினால் மந்தமாகும். எழுதி வைத்துவிடும் கோப்புகளுக்குப் போதும். மிகக் குறைந்த விலையில் மிகப் பெரிய கொள்ளளவு என்று விற்கும் பென் டிரைவை நம்பாதீர்கள். பொய்யளவு காட்டுபவை உண்டு. உத்தரவாதச் சீட்டு புதிய தட்டைத் தரும். பாட்டியின் குரலைத் தராது.

சங்கத்திற்கு 500 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றும், 2 டெராபைட் வன்தட்டு இரண்டும் வாங்கியுள்ளோம். ஒரு வன்தட்டு சங்கத்தில், மற்றொன்று செயலாளர் இல்லத்தில். மாத முதல் ஞாயிறன்று இரண்டும் இடம் மாறும். இன்னொரு பிரதி இணையக் கிடங்கில் ஏறுகிறது. பிரதிகளைத் திறந்து பார்த்துக் கையொப்பமிடப் பதிவேடும் வைத்துள்ளோம்.

இழந்த மூன்றில் இருவர் மீண்டும் பேச இசைந்துள்ளனர். அவர்களுக்கு எங்கள் நன்றி. பாட்டியம்மாள் பேசிய அன்று உடனிருந்தவர்களை ஒன்று வேண்டுகிறோம். யாரேனும் கைப்பேசியில் சிறிதளவேனும் பதிவு செய்திருந்தால், தயவுசெய்து தேடிப் பாருங்கள். அரை நிமிடமாயினும் போதும். இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் இல்லத்துப் பெரியோர்களின் குரலும் படமும் எத்தனை இடங்களில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஓரிடம்தான் என்றால், அடுத்த ஞாயிறு வரை காத்திராதீர்கள்.