எடைக் குறைப்பு: எவ்வளவு, எங்கே, எதனால்

ஒரு காரின் வேகத்தை இஞ்சினின் குதிரைத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தத் திறன் எத்தனை கிலோவை இழுக்க வேண்டியிருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 1,100 கிலோ எடையும் 100 குதிரைத்திறனும் உள்ள காரில் டன்னுக்கு 91 குதிரைத்திறன் கிடைக்கிறது. அதில் 110 கிலோவைக் குறைத்தால் டன்னுக்கு 101 ஆகிறது. எடையைத் தொடாமல் இந்த நிலையை எட்ட இஞ்சினின் திறனை 11 குதிரைத்திறன் கூட்ட வேண்டும். அதற்கேற்ப எரிபொருளும் கூடும், வெப்பமும் கூடும்.

1980களின் பிற்பகுதியில் கோவையின் எஸ். கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் கார் இந்தக் கணக்கைக் கண்முன் நிறுத்தியது. மாருதி 800 குடும்பக் காரின் 796 சிசி இஞ்சின்தான் அதற்கும். கதவு, கூரை, பின்இருக்கை, டிக்கி எதுவும் இல்லாத ஒற்றை இருக்கை வண்டியில் அந்தச் சிறிய இஞ்சினே பந்தயத்துக்குப் போதுமானதாயிற்று.

எடைக் குறைப்பின் பலனில் முடுக்கம் ஒரு பங்குதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 1,100 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 4.24 லட்சம் ஜூல்; 990 கிலோ காரில் அது 3.82 லட்சம். பிரேக்கை மிதிக்கும்போது இதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக மாறுகிறது. மலைப்பாதை இறக்கத்தில் திரும்பத் திரும்பப் பிரேக் பிடிக்கும்போது, ஒவ்வொரு முறையும் வெப்பம் இப்படிக் குறைவது பிரேக்கின் ஆயுளைக் காக்கிறது.

வளைவில் கிடைக்கும் பலனுக்கு டயரே காரணம். பள்ளிப் பாடத்தில் வரும் உராய்வு விதியின்படி, சுமை இரட்டித்தால் பிடிப்பும் இரட்டிக்கும். அது அப்படியே பொருந்துமானால், கனமான காரும் லேசான காரும் ஒரு வளைவை ஒரே உச்ச வேகத்தில் கடக்கும். ரப்பர் டயர் அந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. சுமை கூடக்கூட அதன் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. அதனால்தான் அதே டயரில் லேசான கார் வளைவில் கூடுதல் வேகம் தாங்குகிறது.

எத்தனை கிலோ குறைகிறது என்பதைப் போலவே, எந்த இடத்தில் குறைகிறது என்பதும் முக்கியம். டயரின் வெளிவிளிம்பில் உள்ள நிறை வண்டியோடு முன்னே செல்லவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அங்குள்ள ஒரு கிலோவை வேகப்படுத்த, பாடியில் உள்ள இரண்டு கிலோவை வேகப்படுத்தும் அளவு விசை தேவை. வீல், டயர், வீல் ஹப் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவை லேசானால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பாமல் படிந்து ஓடும். கூரையில் குறையும் எடை ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கி, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிறது. முன்பக்கம் கனத்த காரில் பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால், மொத்த எடை குறையாமலேயே முன்பின் பகிர்வு சீராகும்.

எடையைக் குறைக்கும் வழிகளில் மிகப் பழையது, வேண்டாததைக் கழற்றுவது. 1972 இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 இதற்கு நல்ல பாடம். அதன் லேசான வடிவத்தில் பின்இருக்கை இல்லை, கடிகாரம் இல்லை. பாடித் தகடும் கண்ணாடியும் மெல்லியவை. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் உள்ளே ஒரு பட்டை. பானட்டில் உலோகச் சின்னத்துக்குப் பதில் ஒரு ஸ்டிக்கர். சாதாரணச் சாலைக்கான வடிவம் 1,075 கிலோ இருக்க, இது 960 கிலோவில் நின்றது. இரண்டிலும் 210 குதிரைத்திறன் இஞ்சின்தான். ஸ்டிக்கரால் சில கிராம்களே மிச்சம். ஆயினும் ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து ‘இது எதற்கு?’ என்று கேட்ட பழக்கம்தான் 115 கிலோவைக் குறைத்தது.

இரண்டாவது வழி பொருளை மாற்றுவது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். இழுவிசை மட்டும் தாங்கும் கம்பியில் இரண்டும் ஈடாகி, ஆதாயம் மிஞ்சாது. தகட்டில் கதை வேறு. தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அலுமினியத் தகட்டை 1.44 மடங்கு தடிமனாக்கினாலே எஃகுத் தகட்டின் விறைப்பு வந்துவிடும், எடையோ பாதி. பானட்டிலும் கதவிலும் அலுமினியம் முதலில் இடம்பிடித்த காரணம் இதுவே. 1996 இல் வந்த லோட்டஸ் எலீஸ் காரில் அலுமினியச் சட்டங்களை வெல்டிங் செய்யாமல் எபாக்ஸி பசையால் ஒட்டினர். வெல்டிங்கின் வெப்பம் உலோகத்தின் வலிமையைக் குறைக்கும். ஒட்டும்போது அந்த இழப்பு இல்லாததால் மெல்லிய சட்டமே போதும். அந்தச் சேசிஸின் எடை 68 கிலோ.

மூன்றாவது வழி, குறைந்த எடை மேலும் எடையைக் குறைக்கும்படி வடிவமைப்பது. பாடி லேசானால் சிறிய பிரேக் போதும். பிரேக் சிறிதானால் வீல் சிறிதாகலாம். பிறகு சஸ்பென்ஷன், இஞ்சின், எரிபொருள் டேங்க் என ஒவ்வொன்றாகக் குறையும். இந்தச் சங்கிலி எதிர்த்திசையிலும் ஓடும். 1974 இல் 800 கிலோவை ஒட்டி இருந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், பாதுகாப்பும் வசதியும் சேரச் சேர ஆறாம் தலைமுறையில் 1,200 கிலோவை நெருங்கியது. 2012 இன் ஏழாம் தலைமுறையில்தான் 100 கிலோ வரை குறைத்து அந்தப் போக்கைத் திருப்பினர்.

எடைக் குறைப்பின் எல்லையை இத்தாலியின் மோன்சா பந்தயப் பாதையில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. லோட்டஸ் 72 பந்தயக் காரில் ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள எடையைக் குறைப்பதற்காக முன் பிரேக்குகளை வீலிலிருந்து எடுத்து வண்டியின் உள்ளே வைத்து, தண்டுகளால் வீலோடு இணைத்திருந்தனர். 1970 செப்டம்பர் 5 அன்று தகுதிச் சுற்றில் வலது முன் பிரேக் தண்டு முறிந்தது; கார் தடுப்பு வேலியில் மோதியதில் அதை ஓட்டிய யோகன் ரிண்ட் உயிரிழந்தார். 1981 இல் அதே மோன்சாவில் ஜான் வாட்சன் ஓட்டிய மெக்லாரன் எம்பி4/1 வேகமாக மோதி, இஞ்சின் பகுதி தனியே பிய்ந்து போனது. ஃபார்முலா 1 இல் முதன்முதலாக முழுதும் கார்பன் ஃபைபரால் ஆன உடற்கூட்டுக்குள் இருந்த வாட்சன் காயமின்றி நடந்து வந்தார். இரண்டு கார்களிலும் எடையைக் குறைத்தவர்கள் திறமைசாலிகளே. ஒன்றில் இணைப்புத் தண்டு தன் மேல் வந்த சுமையைத் தாங்கவில்லை. மற்றதில் லேசான கூடு மோதலைத் தாங்கியது.

லேசான பொருளுக்கு வேறு செலவுகளும் உண்டு. நசுங்கிய எஃகுத் தகட்டை டிங்கரிங் பட்டறையில் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடலாம். கார்பன் ஃபைபரில் அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. சாலைக் காரில் எடை குறைக்க முனைவோர் ஏர்பேக், சீட் பெல்ட், கதவுக்குள் இருக்கும் மோதல் தடுப்புச் சட்டம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. அவை சும்மா கிடக்கும் எடை போலத் தோன்றினாலும், ஒரே ஒரு நொடிக்காகக் காத்திருப்பவை.

மின்சாரக் கார் இந்தத் துறைக்குப் புதிய அவசரத்தைத் தந்திருக்கிறது. பல மின்கார்களில் பேட்டரி மட்டுமே 300 கிலோவுக்கு மேல். அந்த எடையை இழுக்கவே பேட்டரியின் ஒரு பங்கு செலவாகிறது. தூரம் போதவில்லை என்று பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை மேலும் ஏறுகிறது. பிரேக் பிடிக்கும்போது ஆற்றலில் ஒரு பகுதியை மீட்கலாம், டயர்த் தேய்மானத்தை மீட்க முடியாது. பாடியில் குறையும் ஒவ்வொரு கிலோவும் சிறிய பேட்டரிக்கு வழிவிடுகிறது.

எடையைக் குறைக்கும் ஒவ்வொரு வடிவமைப்பும், குறைத்த கிலோ எத்தனை என்ற எண்ணோடு நின்றுவிடக் கூடாது. அந்த எடை எந்த இடத்திலிருந்து போனது, அங்கே அது தாங்கியிருந்த சுமையை இப்போது எது தாங்குகிறது என்ற இரண்டு விவரங்களும் அதனுடன் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே அட்டவணையில் அமையும்போதுதான் எடைக் குறைப்பின் கணக்கு நிறைவு பெறுகிறது.