கறுப்புக் குதிரையும் பனை மடலும்

(சி ரூசாவில் பதிவான தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், 'ஓவியத்தில் குறியீடும் உணர்வும்' என்னும் தலைப்பில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



"ஓவியத்தைப் பற்றி நமக்கென்ன தெரியும்?" என்று நம்மில் பலர் ஒதுங்கிக் கொள்கிறோம். தெரியும் என்கிறேன் நான். ஒரு படத்தில் பால்மரம் இருக்கிறது. பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு, அதன் கீழே ஒரு மங்கு. வெளியூர்க்காரர் அதை மரம் என்பார். தோட்டத்தில் பிறந்தவருக்கு அது விடியற்காலைப் பெரட்டு, அம்மாவின் தலைவிளக்கு, மழை பெய்தால் கைவிட்டுப் போகும் அன்றைய கூலி. வரைந்திருப்பது மரம்தான். ஆனால் அது நமக்குள் எழுப்புவது வேறொன்று. இதைத்தான் குறியீடு என்கிறார்கள்.

கண்ணால் கண்டதை அப்படியே வரைவதைவிட, மனத்தில் உள்ளதை ஓர் உருவத்தால் உணர்த்த வேண்டும் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய ஓவியர்களிடையே பரவியது. அவர்களில் ஒருவர் போலந்து நாட்டின் விளாடிஸ்லாவ் போட்கோவின்ஸ்கி. 1866இல் பிறந்தவர். 'பரவசத்தின் வெறி' என்று பொருள்படும் அவருடைய ஓவியம் 1894இல் வார்சா நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பத்தடிக்கும் மேல் உயரம்; ஏறக்குறைய ஒன்பதடி அகலம்.

அதில் ஒரு கறுப்புக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. பல் தெரிகிறது, வாயில் நுரை தள்ளுகிறது. அதன் கழுத்தைக் கட்டிக் கொண்டு ஒரு பெண். அவள் கூந்தலும் பிடரிமயிரோடு சேர்ந்து பறக்கிறது. சுற்றிலும் கருமையும் பழுப்பும் சாம்பலும்; இடையே மஞ்சளும் வெண்மையும் பீறிடுகின்றன.

உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். இந்த ஓவியத்தில் மெய்ப்பாட்டைப் பாருங்கள். குதிரை வெறி கொண்டிருக்கிறது. அவள் முகத்திலோ அச்சமே இல்லை. கண்களை மூடியிருக்கிறாள். எங்கே போகிறோம் என்று அவள் பார்க்கவில்லை. ஆசை ஒருவரைத் தூக்கிக் கொண்டு ஓடும்போது நடப்பது இதுதானே?

கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. அது முடியும் தறுவாயில் ஓவியரே கத்தியோடு வந்து தம் படத்தைக் கிழித்தார். வெட்டுகள் பெண்ணுருவத்தின் மீதே விழுந்தன என்றும், காரணம் கைகூடாத காதல் என்றும் பேச்சு எழுந்தது. மறு ஆண்டு, 1895 ஜனவரியில், காசநோயால் அவர் இறந்தார். வயது 28. அவர் மறைவுக்குப் பின் கிழிந்த துணியைச் சீர்செய்தார்கள். இன்று அந்த ஓவியம் கிராக்கோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நேயர்களே, இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. கைகூடாத காதலும் குதிரையும் படமும் நம் இலக்கியத்திலும் உண்டு. குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் மடலேறுதல் பற்றிப் படிக்கிறோம். வாள்போல் அறுக்கும் பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, காதலியின் உருவை எழுதிய கிழியைக் கையில் ஏந்தி, ஊர் நடுவே வருவேன் என்கிறான் தலைவன். திருக்குறளில் இதற்கென்றே 'நாணுத் துறவுரைத்தல்' என்ற அதிகாரம் இருக்கிறது. கடல்போல் காமம் பெருகினாலும் பெண் மடலேறமாட்டாள் என்கிறார் வள்ளுவர். அந்த மரபை மீறிப் பெண்ணையே மடலேறத் துணிய வைத்தவர் திருமங்கையாழ்வார். போலந்து ஓவியரும் பெண்ணைத்தான் குதிரை மேல் ஏற்றினார்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. மடலேறுபவன் தன் வேதனையை ஊரறியக் காட்டுகிறான். அந்தக் காட்சிக்கு இரங்கி ஊர் தலையிடும், பெண்ணைத் தரச் சொல்லும் என்பது மரபு. வார்சாவிலும் ஊர் கூடியது. ஆனால் "அந்தப் பெண் யார்?" என்ற வம்பே அங்கு பெரிதாகிவிட்டது. வரைந்தவன் மனம் என்ன பாடுபடுகிறது என்பது அந்த வம்பில் அடிபட்டுப் போனது.

இதை ஏன் சி ரூசாவில் பேசுகிறேன்? நம் வீட்டிலும் பிள்ளைகள் வரைகிறார்கள். பள்ளிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கறுப்பு உருவம், கதவில்லாத வீடு, தனியாக ஒரு மரம். பார்த்தவுடன் "படிக்கிற நேரத்தில் என்ன கிறுக்கல்?" என்று அதட்டுகிறோம். பதின்ம வயது மகன் என்றால் "யார் அந்தப் பொண்ணு?" என்று விசாரணையில் இறங்கிவிடுகிறோம். வாய்விட்டுச் சொல்ல முடியாததைத்தான் அவன் கோடுகளில் வைத்திருக்கக்கூடும். எல்லாக் கறுப்பும் துயரம் என்று நாமாக முடிவு கட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இதைப் பத்திச் சொல்லுய்யா" என்று கேட்டாலே போதும். அவன் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள்.

மடலுக்கு இரங்கிய மரபு நம்முடையது. நம் பிள்ளைகளின் கோடுகளுக்கும் அந்த இரக்கத்தைக் காட்டுவோம்.