நழுவாத பட்டை, நெரிக்காத பட்டை



தோட்டத்தில் நாய் இல்லாத லயம் உண்டா? வாசற்படியில் ஒன்று, சமையற்கட்டுப் பக்கம் ஒன்று என்று எப்படியும் இரண்டு படுத்திருக்கும். அவற்றின் கழுத்தைச் சற்றே கவனித்துப் பாருங்கள். ஒன்றில் ராஃபியா கயிறு முடிச்சுப் போட்டிருக்கும். இன்னொன்றில் துருப்பிடித்த சங்கிலி தொங்கும். பழைய மின்கம்பியை முறுக்கிக் கட்டியிருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். "நாய் ஓடிப் போகாமல் இருந்தால் போதும், கழுத்தில் எது கிடந்தால் என்ன?" என்பது பொதுவான எண்ணம். ஆனால், நாய் ஓடிப் போவதற்கும் நாய் மூச்சுத் திணறிச் சாவதற்கும் அந்தக் கழுத்துப்பட்டையே பல வேளைகளில் காரணமாகிவிடுகிறது. ஆகவே இன்று கழுத்துப்பட்டையைப் பற்றிப் பேசுவோம்.

இந்தப் பாடத்தை நமக்கு நன்றாகக் கற்றுத் தரும் நாய் ஒன்று உண்டு. அது கிரேஹவுண்ட். நீண்ட கால்கள், ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, கூரிய முகம். மோப்பம் பிடித்துப் போகாமல், கண்ணால் கண்டு துரத்துகிற சாதி இது. சலூக்கி, விப்பெட், ஆப்கான் நாய் எல்லாம் இதே வகை. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் விட்டு வந்த தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களில், முயல் வேட்டைக்கு வளர்த்த சிப்பிப்பாறையும் கன்னியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாய்ப் படங்களோடு நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. அவற்றில் ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கவில்லை. இது நமக்கு இன்னும் ஒரு சின்ன மனக்குறைதான்.

"எங்கள் தோட்டத்தில் கிரேஹவுண்ட் ஏது?" என்று கேட்பீர்கள். உண்மைதான், பெரும்பாலும் இல்லை. ஆனால், தலை சிறுத்து, கழுத்து நீண்டு, உடல் ஒட்டிய நாய் உங்கள் லயத்தில் நிச்சயம் ஒன்று இருக்கும். அதற்கும் இதே சங்கடம்தான்.

என்ன சங்கடம்? சாதாரண நாய்க்குத் தலை பெரியது, கழுத்து அதைவிடச் சிறியது. எனவே கழுத்தில் அளவாகப் போட்ட பட்டை தலை வழியாகக் கழன்று வராது. கிரேஹவுண்டுக்கு அப்படியில்லை. அதன் தலை குறுகலானது. கழுத்தின் சுற்றளவு ஏறக்குறைய தலையின் சுற்றளவே இருக்கும், சில நாய்களுக்குக் கழுத்தே தலையைவிடப் பருத்திருக்கும். சட்டைக் கையை உருவுவதுபோல், பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ள அதற்கு இரண்டு நொடி போதும். லாரி ஹாரன் அடிக்கிறது, இடி இடிக்கிறது, பட்டாசு வெடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயந்த நாய் முன்னே ஓடாது, பின்னோக்கி இழுக்கும். நாமும் விடாமல் முன்னே இழுப்போம். பட்டை காதைத் தாண்டும். அடுத்த நொடி வெறும் பட்டை நம் கையில், நாய் நெடுஞ்சாலையில்.

2018ஆம் ஆண்டில் மக்காவ் நகரத்து நாய்ப்பந்தயத் திடல் மூடப்பட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிரேஹவுண்ட் நாய்கள் அங்கே எஞ்சி நின்றன. அவற்றுக்குப் பல நாடுகளில் வீடு தேட வேண்டியதாயிற்று. கொட்டிலும் பந்தய ஓடுபாதையுமே தெரிந்த நாய்க்குத் தெருவும் மோட்டார் சைக்கிள் சத்தமும் புதியவை. அப்படிப்பட்ட நாயை வாங்கி வளர்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலையே நழுவாத பட்டை தேடுவதுதான்.

சரி, நழுவுகிறது என்பதற்காக இறுக்கிக் கட்டிவிடலாமா? அது அதைவிடக் கேடு. கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழல், இருபுறமும் பெரிய இரத்தக் குழாய்கள். கிரேஹவுண்டின் தோலோ மெல்லியது, முடியும் குறைவு. நாள் முழுதும் இறுக்கமான பட்டை கிடந்தால் முடி உதிர்ந்து, தோல் தடித்து, பிறகு புண்ணாகிவிடும். சிலர் இழுத்தால் இறுகும் சங்கிலியைப் போடுகிறார்கள். அந்தச் சங்கிலிக்கு எல்லை என்பதே இல்லை. இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும். வேகமாகப் பாயும் நாய்க்கு அது தூக்குக் கயிறு என்றே சொல்வோம்.

வேகம் என்றவுடன் ஒரு கணக்கையும் பார்த்துவிடுவோம். கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. முழு வேகம் வேண்டாம், 36 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் வரும் நாயைக் கயிறு சட்டென்று நிறுத்தினால், ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு வேகத்தில் தரையில் மோதுமோ, அந்த வேகத்தைக் கழுத்து ஒன்றே தாங்க வேண்டியிருக்கும். ஓர் உடும்போ பூனையோ குறுக்கே போனால் போதும், சில பாய்ச்சலிலேயே அது அந்த வேகத்தை எட்டிவிடும். ஆகையால் நீளக் கயிறு ஆகாது. பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் கயிறும் வேண்டவே வேண்டாம். ஐந்து, ஆறு அடிக் கயிறு போதும். ஓடி வேகம் பிடிக்க இடமில்லாதபோது, அதிர்ச்சியும் குறைவு.

இப்போது பட்டைக்கு வருவோம். இந்த வகை நாய்களுக்கென்றே ஒரு பட்டை உண்டு. அதற்கு மார்ட்டிங்கேல் என்று பெயர். குதிரைச் சேணத்திலிருந்து வந்த பெயர் இது. அதில் இரண்டு வளையங்கள் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய வளையம் அகலமான நாடா. கழுத்தைச் சுற்றி வருவது அது. அதன் இரு முனைகளிலும் இரும்புக் கண்ணி உண்டு. அந்த இரண்டு கண்ணிகளுக்குள்ளும் நுழைந்து வரும் சிறிய வளையம் இரண்டாவது. கயிற்றை மாட்டுவது இந்தச் சிறிய வளையத்தில். நாய் சும்மா நடக்கும்போது பட்டை தளர்ந்து தொங்கும். பின்னோக்கி இழுத்தால் சிறிய வளையம் இரு கண்ணிகளையும் நெருக்கும். பட்டை கழுத்தளவுக்குச் சுருங்கும். அதற்கு மேல் சுருங்காது. நழுவவும் முடியாது, நெரியவும் முடியாது. அந்த நடு நிலையில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது.

கடையில் வாங்கினாலும் சரி, வீட்டில் தைத்தாலும் சரி, அளவு தப்பினால் எல்லாம் வீண். துணி தைக்கும் அளவுநாடாவை எடுங்கள். இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். ஒன்று, காதுகளுக்குச் சற்றுப் பின்னால், கழுத்தின் மேல்பகுதி. தோளுக்கு அருகே அளந்தால் தவறான கணக்கு வரும். பட்டை இருக்க வேண்டிய இடம் மேலேதான். இரண்டாவது, தலையின் மிக அகலமான பகுதி.

கழுத்து 14 அங்குலம், தலை பதினைந்தரை அங்குலம் என்று ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். பெரிய நாடா, கண்ணிகளையும் சேர்த்து, 12 அங்குலம் இருக்கட்டும். சிறிய வளையத்தின் மொத்தச் சுற்று 8 அங்குலம். அதை இரு பக்கமும் இழுத்து விரித்தால் 4 அங்குலம் நீளும். பன்னிரண்டும் நான்கும் பதினாறு. பதினைந்தரை அங்குலத் தலை உள்ளே போய்விடும். கயிற்றை இழுத்தால் பட்டை கழுத்தளவான பதினாலுக்கு வந்து நிற்கும். அப்போது இரு கண்ணிகளுக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி மிஞ்சும். இந்த இடைவெளியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இழுத்த பிறகு கண்ணியும் கண்ணியும் முட்டிக்கொண்டால், பட்டை பெரிது. இன்னும் சுருங்க வழியில்லாததால் நாய் தலையை உருவிவிடும். இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சரி.

அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது; கிரேஹவுண்ட் அளவு நாய்க்கு 2 அங்குலம் நல்லது. பால் வாளியைத் தூக்கியவர்களுக்கு இது தெரியும். வெறும் கம்பிக் கைப்பிடி விரலை அறுக்கும். அதிலே துணியைச் சுற்றிக்கொண்டால் அதே பாரம் வலிக்காது. பாரம் குறையவில்லை, அது விழும் இடம் அகன்றுவிட்டது. அரை அங்குலக் கயிற்றைவிட 2 அங்குலப் பட்டையில் அழுத்தம் நான்கில் ஒரு பங்குதான்.

தைக்க விரும்புகிறவர்கள் பழைய காரின் இருக்கைவாரைத் தேடிப் பாருங்கள்; ஏறக்குறைய 2 அங்குல அகலம் இருக்கும், உறுதியானது. உட்புறம் மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தைத்தால் தோலை உராயாது. முனையை மடித்து, நைலான் நூலால் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போல இன்னொரு தையல் போடுங்கள். கண்ணிகள் ஒட்டு வைத்த இரும்பாக இருக்க வேண்டும். வளைத்துவிட்ட கம்பி இழுத்தால் வாய் திறந்துவிடும். தைத்த பட்டையை முதலில் ஒரு தூணில் மாட்டி, உங்கள் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். அதன் பிறகு நாய்க்குப் போடலாம். முதல் நாள் வீட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு, முன்னாலிருந்து மெதுவாக இழுத்துச் சோதிப்பது நல்லது.

தோல் பட்டை அழகானதுதான். எகிப்து நாட்டு மன்னர் சமவெளியில் 1899ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மைஹெர்பிரி என்பவரின் கல்லறையில் நாய்க்கான தோல் பட்டைகள் கிடைத்தன. ஒன்றில் நாயின் பெயர்கூட எழுதியிருந்தது. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் அது கெடாமல் இருந்ததென்றால் அது பாலைவனத்து வறட்சி. நம் ஊர் மழையில் தோல் நனைந்து, காயாமல், பூஞ்சை பிடித்து நாறும்; அடியில் தோல் அரிக்கும். இங்கே துவைத்துக் காயப் போடக்கூடிய நாடாவே மேல்.

மார்ட்டிங்கேல் பட்டை நடைக்கு மட்டும்தான். கயிற்றைக் கழற்றியவுடன் அதையும் கழற்றிவிட வேண்டும். தொங்கும் சிறிய வளையம் வேலிக் கம்பியில் மாட்டும். செம்பனை மட்டையின் முள்ளில் மாட்டும். நாய் திமிறத் திமிற இறுகும், அவிழ்த்துவிட ஆள் இருக்காது. இரண்டு நாய்கள் கட்டிப் புரண்டு விளையாடும்போது ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் பட்டைக்குள் சிக்கிக்கொள்வதும் உண்டு. அதை அவிழ்க்கப் போகிற பிள்ளையின் கை கடிபடும். வீட்டில் இருக்கும்போது அடையாளத்துக்காக ஏதாவது வேண்டுமென்றால், பலமாக இழுத்தால் தானே விட்டுக்கொள்ளும் கொக்கி வைத்த தளர்ந்த பட்டை போதும். அதிலே உங்கள் தொலைபேசி எண்ணை அழியாத மையால் எழுதிவிடுங்கள். நாய் என்றால் எல்லா அண்டை அயலாருக்கும் பிடிக்கும் என்பதில்லை. நகராண்மைக் கழகத்து ஆட்களும் வருவார்கள். யாருடைய நாய் என்று தெரிந்தால் வீட்டுக்குத் திரும்பி வர வழியுண்டு.

கழுத்தில் ஏற்கெனவே புண்ணோ இருமலோ உள்ள நாய்க்கு மார்புப் பட்டை நல்லது. ஆனால் ஒட்டிய வயிற்று நாய்க்கு இரண்டு வார் வைத்த மார்புப் பட்டை போதாது. பின்னோக்கி நகர்ந்து வெளியே வந்துவிடும். விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பைச் சுற்றி மூன்றாவது வார் ஒன்று வேண்டும். ஆழ்ந்த நெஞ்சைத் தாண்டி அது முன்னே நழுவாது.

இனி, நாம் அதிகம் அஞ்சும் ஒரு விஷயம். இரண்டு மாதக் குட்டியின் கழுத்தில் கட்டிய கயிற்றைப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குட்டி வளர்கிறது, கயிறு வளர்வதில்லை. முடிக்குள் மறைந்திருக்கும் கயிறு மெல்ல மெல்லத் தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வெளியே தெரிவது ஒரு நாற்றம் மட்டுமே. பிறகு ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். அந்த நிலையில் வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டி இழுக்காதீர்கள். கயிற்றுக்கு அடியில் இரத்தக் குழாய் இருக்கிறது. உடனே அரசாங்கக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமும், மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியமல்ல இது. என்றாலும் சட்டம் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

வளரும் குட்டி என்றால் வாரம் ஒரு முறை, வளர்ந்த நாய் என்றால் மாதம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது பட்டையையும் கழற்றித் துவையுங்கள். அது காயும் நேரத்தில் கழுத்தைச் சுற்றி விரலால் முடியை விலக்கிப் பாருங்கள். சிவந்திருக்கிறதா, முடி உதிர்ந்திருக்கிறதா, உண்ணி ஒளிந்திருக்கிறதா என்று பிள்ளைகளைக் கொண்டே பார்க்கச் சொல்லலாம். திரும்பப் போடும்போது பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் அன்றைக்கே தளர்த்திவிடுங்கள்.