பீட்டி ரோட்டுக்குப் போன மாலைகள்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஈசூன் வட்டார உயர்நிலைப்பள்ளி ஒன்றில் ஒன்றாகப் படித்த எங்கள் நால்வரையும் பேச அழைத்தீர்கள். பாலிடெக்னிக் முடித்துக் கடைக்கு வந்தவருக்குத்தான் வாய் அதிகம் என்று மைக் இங்கே வந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் சீனத்துக்கும் மலாய்க்கும் வகுப்பு உண்டு. தமிழுக்கு இல்லை, ஒரு வகுப்பு நடத்தும் அளவுக்கு நாங்கள் இல்லை. ஆகவே வாரத்தில் இரண்டு மாலை, சீருடையோடு எம்ஆர்டி ஏறி, டோபி காட்டில் மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கி, பீட்டி ரோட்டில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போவோம். மற்ற வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளை அங்கேதான் பார்த்தோம். சிராங்கூன் ரோட்டில் பரோட்டா தின்றதும் பாடத்தில் சேர்த்திதான். வீடு திரும்ப மஃரிபு ஆகிவிடும்.

"ஒன்றாம் வகுப்பிலேயே மலாய் எடுக்க வைத்திருக்கலாமோ?" என்பார்கள் வீட்டில். தவறான கேள்வியல்ல. நம் குடும்பங்களில் மலாய் படித்தவர்கள் நிறைய. அவர்கள் எதிலும் குறைந்துவிடவில்லை.

ஆனால் அந்த நிலையத்தின் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தஞ்சோங் பகாரில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960இல் உயர்நிலை வகுப்புகள் வந்தன. தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கு இங்கே அது ஒன்றுதான். பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாட, மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. யாரையோ குறை சொல்கிறோம்; பிள்ளைகளை அனுப்பாதவை நம் வீடுகளும்தானே!

எங்களில் ஒருவரின் அத்தா படுக்கையில் விழுந்தபோது, கடையின் பற்று வரவு நோட்டு முழுக்கத் தமிழில் இருந்தது. யார் எவ்வளவு தரவேண்டும் என்று அவர் படித்துச் சொன்னார். மலாய் படித்த தம்பி பக்கத்தில் நின்று, "இதில் என் பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை.

இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு வயது. தொடக்கநிலை 1 படிவத்தில் தமிழ் என்றே எழுதியிருக்கிறோம். வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை, அது வேறு.

ஜனவரியில் உயர்நிலை 1க்குப் போகும் பிள்ளைகள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், தனியாக அனுப்பப் பயந்து பின்வாங்க வேண்டாம். முதல் சில மாதங்கள் நாங்கள் நால்வரும் முறை வைத்து ஈசூனிலிருந்து ரயிலில் அழைத்துப் போய்க் கூட்டி வருகிறோம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்; பிள்ளையின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். தமிழிலேயே எழுதலாம்.

வஸ்ஸலாம்.